இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே காத்திருக்கும் சகோதரிக்கு

தியானத்திற்கு: 2 சாமுவேல் 12:15-24, 2 இராஜாக்கள் 4:8-37





பிள்ளை பிறந்தால் நம் சபைகளில் ஸ்தோத்திர ஜெபம் உண்டு. ஒருவர் மரித்தால் அடக்க ஆராதனை உண்டு. இவ்விரண்டிலும் சேராத ஒரு வாரமும் உண்டு. அதற்கென்று நாம் எந்த ஜெபத்தையும் ஏற்படுத்தி வைக்கவில்லை. கர்ப்பம் தரித்து ஆறு அல்லது ஏழு வாரம் ஆன ஒரு சகோதரி, சிறிது உதிரம் கண்டு ஸ்கேன் மையத்திற்கு ஓடுகிறாள். "துடிப்பு இன்னும் தெரியவில்லை. பத்து நாள் கழித்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பத்து நாளும் அவள் தாயா, பிள்ளையை இழந்தவளா? சந்தோஷப்படுவதா, துக்கப்படுவதா? யாரிடம் சொல்வது?

மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு தோட்டங்களின் லயங்களிலிருந்தும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடி ஊர்களிலிருந்தும் பிழைப்புக்காகக் கோவைக்கும் திருப்பூருக்கும் கொச்சிக்கும் பெங்களூருக்கும் வந்திருக்கிற நம் குடும்பங்களில் இந்தப் பாரம் இரட்டிப்பாகிறது. தாயார் மலைமேல் இருக்கிறார். மகள் நகரத்தில் ஒற்றை அறையில் இருக்கிறாள். நடுவே தொலைபேசி மட்டுமே உண்டு. ஊரில் மருத்துவமனைக்குப் போனால் "கர்ப்பம் அலசிப்போகும்" என்று மலையாளத்தில் சொல்கிறார்கள். நகரத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கையில் கொடுக்கிறார்கள். இரண்டுமே அவளுக்குப் பாதிதான் விளங்குகிறது. ஆகையால் இம்மாதம் இந்தக் காரியத்தை வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

அந்தக் காகிதத்தில் எழுதியிருப்பது என்ன?

முதலாவது ஒரு வார்த்தையைத் தெளிவாக்க வேண்டும். மருத்துவச் சீட்டில் "த்ரெட்டன்ட் அபார்ஷன்" என்று எழுதியிருப்பதைக் கண்டு, 'நான் கருவைக் கலைத்தேன் என்று எழுதிவிட்டார்களே' என்று கலங்குகிற சகோதரிகள் உண்டு. மருத்துவ மொழியில் 'அபார்ஷன்' என்பது தானாகக் கலைவதையும் குறிக்கும் பொதுச்சொல். அங்கே எழுதியிருப்பதன் பொருள், 'உதிரப்போக்கு இருக்கிறது, கரு கலையக்கூடிய அபாயம் உண்டு, ஆனால் இன்னும் கலையவில்லை' என்பதே. அது உங்கள்மேல் சாட்டப்பட்ட குற்றம் அல்ல. முடிந்துபோன தீர்ப்பும் அல்ல.

இரண்டாவது, முதல் மூன்று மாதங்களில் உதிரம் காண்பது அரிதான காரியம் அல்ல. கர்ப்பவதிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இது நேரிடுகிறது. அவர்களில் பாதிப்பேருக்காவது கர்ப்பம் தொடர்ந்து பிள்ளை பிறக்கிறது.

மூன்றாவது, மருத்துவர் ஏன் உடனே விடை சொல்வதில்லை? அறியாமையினாலும் அல்ல, அலட்சியத்தினாலும் அல்ல. கருப்பையில் நீர்ப்பை ஏறக்குறைய ஐந்தாம் வாரத்திலும், சிசுவின் இருதயத் துடிப்பு ஏறக்குறைய ஆறாம் வாரத்திலும் ஸ்கேனில் தெரியத் தொடங்கும். மாதவிடாய் ஒழுங்காக வராத பெண்ணுக்கு நாட்கணக்கு தவறுவது இயல்பு. ஏழு வாரம் என்று அவள் எண்ணியிருக்க, கருவுக்கு உண்மையில் ஐந்தரை வாரமே ஆகியிருக்கலாம். அப்படியானால் துடிப்பு தெரியாதது இழப்பினால் அல்ல, காலம் வராததினால். ஆகையால் சிசுவின் நீளம் 7 மில்லிமீட்டரையோ, சிசு காணப்படாத நீர்ப்பையின் சராசரி அளவு 25 மில்லிமீட்டரையோ எட்டாதபோது, ஒரே ஸ்கேனைக் கொண்டு 'உயிர் இல்லை' என்று முடிவு செய்யாமல், ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்க்கிறார்கள்.

இந்த எச்சரிக்கை எளிதாக வந்ததல்ல. முன்பு இதைவிடச் சிறிய அளவுகளை வைத்தே முடிவு சொன்னார்கள். அந்த அளவுகளால் உயிருள்ள கருவையும் இழந்ததாகக் கருதிவிட நேரும் என்று 2011இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அதே ஆண்டில் அயர்லாந்து நாட்டில், கரு இறந்துவிட்டதாகத் தவறாகச் சொல்லப்பட்ட பெண்களைப் பற்றிய அரசு விசாரணை அறிக்கையும் வெளிவந்தது. அதன்பின் அளவுகள் உயர்த்தப்பட்டன. எனவே "பத்து நாள் பொறுங்கள்" என்னும் சொல் உங்கள் பிள்ளையைப் பாதுகாப்பதற்காகவே சொல்லப்படுகிறது. அதைச் சுமப்பது கடினம். ஆனாலும் அது இரக்கமுள்ள சொல்.

காத்திருக்கக் கூடாத வேளை

ஆயினும் எல்லா உதிரப்போக்கிலும் வீட்டில் காத்திருக்கலாம் என்று எண்ண வேண்டாம். நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு, கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடுகிறது. அது வளர்ந்து பிள்ளையாக முடியாது. குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே மோசம். அடிவயிற்றில் ஒருபுறமாகக் கடும் வலி, தோள்பட்டையின் நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம், ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனையும்படி தொடர்ந்து உதிரம், காய்ச்சல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் இரவென்றும் ஞாயிறென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 108ஐ அழையுங்கள். மலைமேல் இருப்பவர்கள் பொழுது விடியட்டும் என்று காத்திராதீர்கள். கீழே இறங்கவே இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். உங்கள் இரத்த வகை நெகட்டிவ் ஆனால், மருத்துவர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள்.

இங்கே விசுவாசிகள் பலர் மனதில் வைத்திருந்தும் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. 'இப்படிப்பட்ட சிகிச்சை கருக்கலைப்பு என்னும் பாவம் ஆகாதா?' கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்தில் பிள்ளையைக் காப்பாற்ற மருத்துவத்தில் வழி இல்லை. தாயைக் காப்பாற்ற வழி உண்டு. அந்தச் சிகிச்சை உயிரைக் காக்கிற செயல். அதுபோலவே, உயிர் இல்லை என்று உறுதியானபின் மாத்திரையாலோ சிறு சிகிச்சையாலோ கருப்பையைச் சுத்தம் செய்வதும் கொலை அல்ல. ஏற்கெனவே முடிந்துபோன ஒன்றின்பின் தாயின் சரீரத்தைப் பேணுவதே அது. உறுதியாகவில்லை என்றால், உங்கள் உடல்நிலை இடங்கொடுக்கும் பட்சத்தில், "இன்னொரு முறை ஸ்கேன் செய்து பார்க்கலாமா?" என்று மரியாதையாய்க் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்பது அவிசுவாசமும் அல்ல, மருத்துவரை அவமதிப்பதும் அல்ல.

யார் செய்த பாவம்?

காத்திருக்கும் வாரத்தில் வெளியிலிருந்து வரும் முதல் கேள்வி இதுதான். "குடம் தூக்கினாயா?" "ஜீப்பில் மலையிறங்கினாயா?" "பப்பாளி தின்றாயா?" "யார் கண் பட்டது?" விசுவாசிகளின் வீட்டிலேயோ இன்னும் கொடிய ஒன்று கேட்கப்படுகிறது: "ஆண்டவருக்கு விரோதமாய் ஏதாவது செய்தாயா?"

தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம்களின் எண்ணிக்கையில் நேர்ந்த பிழை என்று மருத்துவம் கண்டிருக்கிறது. அது தாய் நடந்ததனாலோ, குனிந்ததனாலோ, வேலை செய்ததனாலோ வருவது அல்ல. அசையாமல் படுத்திருந்தால் கரு நிலைக்கும் என்பதற்கும் ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. களைப்பானால் இளைப்பாறுங்கள்; ஆனால் எழுந்து தண்ணீர் குடித்ததற்காக உங்களைக் குற்றப்படுத்தாதீர்கள்.

வேதம் இதில் தெளிவாய் இருக்கிறது. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், பாவம் செய்தது இவனா, பெற்றோரா என்று கேட்டபோது, ஆண்டவர் இரண்டையும் மறுத்தார் (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் மாண்டதைக் குறித்தும், அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று எண்ணவேண்டாம் என்றார் (லூக்கா 13). தாவீதின் பிள்ளை வியாதிப்பட்ட காரியத்தில் காரணம் சொல்லப்பட்டது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லத் தேவனே நாத்தான் தீர்க்கதரிசியை அனுப்பினார். பக்கத்து வீட்டுச் சகோதரியை உங்களுக்கு நாத்தானாகத் தேவன் நியமிக்கவில்லை.

ஊழியச் சரித்திரத்தையும் நினைத்துப்பாருங்கள். அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆன் அம்மையாரும் 1813இல் சென்னையிலிருந்து கப்பலேறி இரங்கூனுக்குச் சென்றார்கள். அந்தப் பிரயாணத்தில் அவர்களுடைய முதல் குழந்தை இறந்தே பிறந்தது. அருகில் தாயும் இல்லை, சபையும் இல்லை. தேவசித்தத்தின்படி புறப்பட்டவர்களுக்கே இது நேரிட்டது. இழப்பு என்பது கீழ்ப்படியாமையின் அடையாளம் என்றால் அந்தக் கப்பலைக் குறித்து என்ன சொல்வோம்?

சூனேமியாள் சொன்ன 'சுகம்'

நம் மேடைகளில் சூனேமியாளின் சரித்திரம் அடிக்கடி பிரசங்கிக்கப்படுகிறது. மகன் மரித்துக் கிடக்கையில் அவள் 'சுகந்தான்' என்று சொன்னாளே, நீயும் அப்படியே அறிக்கையிடு என்று சொல்லி, உதிரப்போக்கில் இருக்கும் பெண்ணைச் சிரிக்கச் சொல்கிறோம். அந்த அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். வழியில் எதிர்ப்பட்ட வேலைக்காரனிடம் அவள் அப்படிச் சொன்னாள். தேவனுடைய மனுஷனிடத்தில் வந்தபோதோ காலைப் பிடித்துக்கொண்டாள். தன் மனக்கசப்பை ஊற்றினாள். ஏன் எனக்கு ஆசை காட்டினீர் என்னும் பொருளில் கேள்வியும் கேட்டாள். எலிசா அவளைக் கடிந்துகொள்ளவில்லை. தள்ளிவிட வந்த கேயாசியைத்தான் தடுத்தார்.

இன்னும் ஒன்று. எலிசா அங்கே ஒரு காரியத்தை ஒப்புக்கொள்கிறார்: கர்த்தர் இதை எனக்கு வெளிப்படுத்தவில்லை என்கிறார். இரட்டிப்பான வரம் பெற்ற தீர்க்கதரிசிக்கே மறைக்கப்பட்டது. ஆகையால் உடன் ஊழியர்களுக்குத் தாழ்மையோடு சொல்லுகிறேன்: ஸ்கேன் மையத்திலிருந்து கலங்கிவரும் பெண்ணின் தலையில் கைவைத்து, "பிள்ளை பிழைக்கும், கர்த்தர் சொல்லுகிறார்" என்று அவர் சொல்லாததைச் சொல்லாதிருங்கள். பிள்ளை பிழைக்காமற்போனால், வார்த்தை பொய்யானது என்று அவள் நினைக்கமாட்டாள். என் விசுவாசம் குறைந்துபோயிற்று என்றே நினைப்பாள். அந்தச் சுமையை வாழ்நாளெல்லாம் தூக்கித் திரிவாள். அவள் மறு ஸ்கேனுக்கும் போகாமல் நின்றுவிட்டால் அவளுடைய உயிருக்கே அது ஆபத்தாகும். சுகமளிக்கும்படி ஜெபியுங்கள், எண்ணெய் பூசி ஜெபியுங்கள். மருத்துவர் குறித்த நாளில் போகவும் சொல்லுங்கள். லூக்கா வைத்தியனாகவே அப்போஸ்தலனோடு ஊழியம் செய்தான்.

உபவாசம் யாருக்கு?

தாவீதின் பிள்ளை ஏழு நாள் வியாதியாயிருந்தது. அந்த ஏழு நாளும் முடிவு தெரியாத நாட்கள். கர்த்தர் ஒருவேளை இரங்குவாரோ என்ற எண்ணத்தோடு தாவீது தரையில் கிடந்தான். விடை தெரியாமலே ஜெபிக்கலாம் என்பதற்கு வேதம் தரும் சாட்சி இது. 'நிச்சயமாய்க் கிடைத்துவிட்டது' என்று சொல்லிக்கொண்டால்தான் ஜெபம் கேட்கப்படும் என்பது இல்லை. 'ஆண்டவரே, எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும், இரங்கும்' என்பதும் முழுமையான ஜெபமே.

அங்கே உபவாசித்தது யார் என்று கவனியுங்கள். தகப்பன் உபவாசித்தான். சகோதரியே, உதிரப்போக்கில் இருக்கும்போது நீங்கள் வெறும் வயிற்றோடு கிடக்க வேண்டாம். கஞ்சியாவது குடியுங்கள், மருத்துவர் தந்த மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். உபவாசம் கணவருக்கும் சபைக்கும் உரியதாயிருக்கட்டும். முன்பு கரு கலைந்து, இப்போது மறுபடியும் உதிரம் காண்கிறவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்களில் சிலருக்குப் புரொஜெஸ்டிரோன் மருந்து உதவுகிறது என்று பிரிட்டனில் நாலாயிரத்துக்கும் அதிகமான பெண்களிடம் செய்யப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. எல்லாருக்கும் அது தேவையில்லை. உங்களுக்குத் தேவையா என்பதை அவர்தான் சொல்லவேண்டும்.

கல்லறை இல்லாத துக்கம்

நம் மலைநாட்டு ஜனங்களுக்கு, தெரியாமல் காத்திருப்பது என்றால் என்னவென்று தெரியும். 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவில் மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. மாண்டவர்கள் 70 பேர் என்று கணக்கிடப்பட்டது. அவர்களில் நால்வரின் சரீரங்கள் கிடைக்கவேயில்லை. நாள்தோறும் மண்ணும் ஆறும் தேடப்பட்டபோது காத்திருந்த உறவினர்களால் நம்பவும் முடியவில்லை, அழுது தீர்க்கவும் முடியவில்லை. அந்தத் துயரம் வேறு, இது வேறு. அளவில் ஒப்பிட முடியாது. ஆனாலும் நம்பிக்கைக்கும் துக்கத்துக்கும் நடுவில் மனம் கிழிகிற விதம் ஒன்றே.

மூணாற்றில் ஆலயம் உண்டாகுமுன் கல்லறை உண்டாயிற்று. 1894இல் காலராவினால் இறந்த ஓர் இளம் ஆங்கிலப் பெண்ணை அங்கே மலைச்சரிவில் அடக்கம் செய்தார்கள். பல ஆண்டுகளுக்குப்பின் 1910இல்தான் அதன் அருகே ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இன்றும் அவள் பெயரைக் கல்லில் வாசிக்கலாம். ஆறாம் வாரத்தில் போய்விட்ட சிசுவுக்கோ பெயரும் இல்லை, கல்லும் இல்லை, அடக்க ஆராதனையும் இல்லை. அதனாலேயே 'இது ஒரு துக்கமா?' என்று உலகம் கேட்கிறது. சகோதரியே, இது துக்கமே. நீங்கள் அழலாம். கருவைக் காண்கிற தேவனுக்கு (சங்கீதம் 139) அது ஆறு வாரமானாலும் மறைவானது அல்ல.

மறு ஸ்கேனில் துடிப்பு காணப்பட்டால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அதன்பின் நம்பிக்கை மிகவும் கூடுகிறது. காணப்படாவிட்டாலோ, தாவீது செய்ததை நினையுங்கள். எழுந்தான், ஸ்நானம்பண்ணினான், தேவாலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டான், பிறகு போஜனம் பண்ணினான். பிள்ளை திரும்பி வராது, தானே அதனிடத்துக்குப் போவேன் என்னும் நம்பிக்கையையும் சொன்னான். பின்பு தன் மனைவிக்கு ஆறுதல் சொன்னான் என்று வேதம் எழுதி வைத்திருக்கிறது. கணவன்மார்களே, அந்த வரியை விட்டுவிடாதீர்கள். "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி வேலைக்குப் போய்விடுவது ஆறுதல் அல்ல. அருகில் உட்காருவதே ஆறுதல்.

ஒருமுறை இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அடுத்த முறை நலமாய்ப் பிள்ளை பெறுகிறார்கள். இரண்டு மூன்று முறை தொடர்ந்து நேர்ந்தால் காரணத்தைக் கண்டறியப் பரிசோதனைகள் உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் ஒன்று அறியுங்கள்: கரு கலைந்தால் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் வகுத்தது, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது. மருத்துவச் சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். தூக்கமும் பசியும் போய், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அரசின் டெலி மானஸ் எண்ணாகிய 14416ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அது விசுவாசக் குறைவு அல்ல.

சபை செய்யவேண்டியது

1. அனுமதி இல்லாமல் ஜெபக்குறிப்பாக அறிவிக்காதிருங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதிருங்கள். யாருக்குச் சொல்லலாம் என்று அவளையே கேளுங்கள்.

2. "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று திருமணமான பெண்களைச் சபை வாசலில் கேட்பதை நிறுத்துங்கள். கேட்கப்படுகிறவள் அந்த இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே நிற்கிறவளாயிருக்கலாம்.

3. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். அதுவரை நன்றாகவே செய்தார்கள். பேசத் தொடங்கியபின்தான் கெடுத்தார்கள். ஒரு பாத்திரம் ரசமும் சோறும் கொண்டுபோங்கள், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போங்கள், மறு ஸ்கேனுக்குத் துணைக்குப் போங்கள். விளக்கம் சொல்லவேண்டாம்.

4. தாயார் மலைமேல் இருக்க, நகரத்தில் தனித்திருக்கும் பெண்ணுக்குச் சபையின் மூத்த சகோதரி ஒருவர் தாயாக நிற்கட்டும். கர்ப்பவதியான மரியாள் மலைநாட்டிலிருந்த எலிசபெத்தின் வீட்டுக்கே போனாள். மூன்று மாதம் அங்கே தங்கினாள். நம் பெண்களுக்கும் போய்த் தங்க ஒரு வீடு வேண்டும்.

ஜெபிப்போம்

எங்கள் பரம தகப்பனே, விடை தெரியாமல் காத்திருக்கும் உமது மகளை உம்முடைய சமுகத்தில் கொண்டுவருகிறோம். அவளுக்குள் இருக்கிறதை நீர் காண்கிறீர். உமக்குச் சித்தமானால் அந்தச் சிறு உயிரைக் காத்தருளும். வேறு விதமாய் நேர்ந்தாலும் அவளைக் கைவிடாதேயும். குற்றஉணர்வை அவளைவிட்டு எடுத்துப்போடும். அவள் கணவனுக்குப் பொறுமையான இருதயத்தைத் தாரும். பார்க்கும் மருத்துவருக்குத் தெளிந்த கண்களைத் தாரும். எங்கள் வாய்க்குக் காவல் வையும். எங்கள் கைகளுக்கு வேலை தாரும். இன்று இரவு அவள் தூங்கும்படி அவளருகே இரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.